ஏழ்கடலானைப் பற்றி நூறு தகவல்கள்

அத்தியாயம் 7

பிஸ்கட் டின்னுக்குள் பிஸ்கட் இல்லை. பஞ்சு இருந்தது. பஞ்சின் மேல் ஒரு மனிதனின் கட்டைவிரல் இருந்தது.

டின்னைத் திறந்த பினு, மூடியைக் கையில் பிடித்தபடியே பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டான். ஆட்டோ ஓட்டுவது அவனுக்கு உபதொழில். முக்கியத் தொழில் துப்பறியும் ஆவுடையம்மாளுக்கு உதவியாளராக இருப்பது. அதைவிட முக்கியத் தொழில் வாயடிப்பது. அந்த வாய் இப்போது திறந்தது திறந்தபடி நின்றது.

"மூடுடா. ஈ போகப் போகுது" என்றாள் ஆவுடையம்மாள்.

கொச்சிப் போலீசில் ஹெட் கான்ஸ்டபிளாக இருந்து ஓய்வு பெற்றவள். மட்டாஞ்சேரித் தமிழச்சி. ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகியும் ஊர் அவளை 'ஏட்டம்மா' என்றுதான் கூப்பிடுகிறது. அழுகிற வீடுகளில் ஆறுதல் சொல்லத் தெரியாது, கண்டுபிடிக்கத் தெரியும்.

அவள் டின்னை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தாள். வீட்டுக்காரி அனந்தலக்ஷ்மி மாமி எட்டிப் பார்த்தாள். விரலில் இருந்த பழைய தழும்பைக் கண்டதும் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரோடதுதான். அரிவாள்மணைத் தழும்பு..." பிறகு, "இடது கைதானே? நல்ல வேளை. சோத்துக் கையை விட்டுட்டான்" என்றாள்.

சொன்னவள் சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டு, "எப்படி எழுதுவார் இனிமே?" என்று சேர்த்தாள்.

ஆவுடையம்மாள் அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

விரலுக்குச் சொந்தக்காரர் வெங்கிடராமன். மட்டாஞ்சேரிக்கு அவர் துறைமுக ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கோலாலம்பூரிலிருந்து டொராண்டோ வரை தமிழ் படிக்கிறவர்களுக்கு அவர் 'ஏழ்கடலான்'. மந்திர வாளும் கடல் யாளியும் பேசும் திமிங்கிலமுமாக 'உப்பு ராஜ்ஜியம்' ஆறு பாகங்கள் வந்திருந்தன. ஏழாவதும் கடைசியுமான பாகம் தீபாவளிக்கு. அதில் கதாநாயகன் ஊழிமாறன் செத்துப்போகிறான் என்று போன வாரம் பத்திரிகைகளில் செய்தி வர, மதுரையில் ஒருவன் தீக்குளிக்கப் போவதாக மிரட்டினான்.

நேற்று, நவமியன்று காலை, பேப்பர் வாங்கப் போன வெங்கிடராமன் திரும்பவில்லை. சாயங்காலம் ஃபோன் வந்தது. துணியால் மூடிய குரல். 'ஊழிமாறன் சாகக்கூடாது. ஏழாம் பாகம் எழுதின காகிதக் கட்டைக் கொடுத்துடணும். எங்கேன்னு நாளைக்கு உச்சிக்குச் சொல்றேன். இனிமே அவர் எழுதவும் கூடாது.' இன்று 2003-ஆம் வருஷத்து விஜயதசமி. ஊரெல்லாம் குழந்தைகளின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத்து எழுதவைத்துக்கொண்டிருந்த நேரத்தில் இந்த வீட்டு வாசலில் டின் கிடந்தது.

"கட்டை எடுத்து வெச்சுட்டேன், ஆவுடை" என்றாள் மாமி. மேஜைமேல் ஒரு காகிதக் கட்டு சணல் கயிற்றால் கட்டிக் கிடந்தது. "புஸ்தகம் போனாப் போறது. எனக்கு அவர் உயிரோட வேணும்."

"கெடு முடியுறதுக்கு முன்னே வெட்டுறவன், கொடுத்ததுக்கு அப்புறம் விடுவான்னு நெனைக்கிறீங்களா மாமி? உச்சிக்குள்ள நாம அங்க போகணும்."

"எங்க போறது?" என்றான் பினு. வாய் திரும்பி வந்துவிட்டது. "விரல் வழி காட்டுமோ? அது ஜன்னலைக் காட்டுது, ஏட்டம்மா."

"காட்டும். இங்க வா. என்ன பாக்குறே?"

பினு மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தான். "குங்குமம். எந்தா இது! விரலுக்குப் பொட்டு வெச்சிருக்கான். பக்தன் கேட்டோ. வெட்டிப் பூஜை பண்ணியிருக்கான்."

"பொட்டு வைக்கிறவன் எங்கே வைப்பான்?"

"நகத்துல."

"நகத்துல இருக்கா?"

இல்லை. குங்குமம் வெட்டுப்பட்ட ஓரத்தில் இருந்தது. ரத்தம் காய்ந்த இடத்தைச் சுற்றி, ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேராக.

"விரலுக்கு வைக்கல. வெட்டின ஆயுதத்துல இருந்தது, வெட்டுறப்போ விரல்ல ஒட்டியிருக்கு. நேத்து என்ன நாள்?"

"ஆயுத பூஜை!" பினு துள்ளினான். "அப்போ இறைச்சிக் கடை."

"மட்டாஞ்சேரியில இறைச்சி வெட்டுறவங்க குங்குமம் வைக்க மாட்டாங்க. குங்குமம் வைக்கிறவங்க இறைச்சி வெட்ட மாட்டாங்க. போதாததுக்கு ஒரே வெட்டு, எலும்போட. கைக்கத்தியில இவ்வளவு நேராப் போகாது."

மாமி அதற்குள் சாயா கொண்டுவந்தாள். கை வேலை செய்தால் மனசு நடுங்காது என்று சிலருக்கு ஒரு நம்பிக்கை. பினு தட்டின் ஓரத்திலிருந்த கிளாசை எடுத்து ஒரு மடக்குக் குடித்தான். அடுத்த நொடி ஜன்னலுக்கு ஓடித் துப்பினான்.

"அம்மே! உப்பு! காயல்ல கோரி எடுத்த வெள்ளமா?"

"அது என்னோடது" என்று மாமி வாங்கிக்கொண்டாள். "வேற கிளாஸ் எடுத்துக்கோ."

பினு வாயைத் துடைத்துக்கொண்டு சட்டைப்பையிலிருந்து ஒரு குட்டிப் புத்தகத்தை எடுத்தான். 'ஏழ்கடலானைப் பற்றி நூறு தகவல்கள்.' வாசகர் வட்டம் வெளியீடு. நேற்றுச் சாயங்காலம் வாசகர்கள் கூட்டமாக வந்து வாசலில் அழுதபோது, வட்டத்தின் செயலாளர் இசக்கிராஜா பினுவின் கையைப் பிடித்து, 'யாரைத் தேடுதீங்கன்னு தெரிஞ்சுக்கிட்டுத் தேடுங்க தம்பி' என்று கொடுத்துவிட்டுப் போனது. பினு மலையாளப் பள்ளிக்கூடம். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பான்.

"த-க-வல் ஒண்ணு. ஏழ்கடலான் இடது கையால எழுதுறார். தகவல் ஆறு. ஏழு கடலைப் பத்தி எழுதினவர் ஜீவிதத்துல ஒரு தடவைகூடப் படகு ஏறினதில்ல. தண்ணியைக் கண்டா வாந்தி வரும்."

"யார் சொன்னதாம்?"

"வாசகர்கள் கடிதம் போட்டுக் கேப்பாங்களாம். அவரே பதில் எழுதிப் போடுவாராம். தகவல் ஒம்பது, சாயாவில சர்க்கரை போட மாட்டார், உப்புதான்... ஆகா, புருஷன் பொஞ்சாதி ரெண்டு பேருமா!"

ஆவுடையம்மாள் கிளாசைக் கீழே வைத்தாள். படகுத்துறையில் டியூட்டி பார்த்த காலத்தில் இந்த வெங்கிடராமனை அவள் நாள்தோறும் பார்த்திருக்கிறாள். சோற்றுப் பாத்திரமும் பேப்பருமாகத் துறைமுக ஐலண்டுக்குப் போகும் படகில் ஏறுவார். ஆடுகிற படகில் நின்றுகொண்டே பேப்பர் படிப்பார். வாந்தி எடுத்ததாக ஞாபகம் இல்லை.

"ஸ்ஸ்" என்றான் பினு. பக்கத்தைப் புரட்டியதில் காகித ஓரம் அவன் விரலைக் கிழித்திருந்தது. "வெட்டு வாங்குறது இன்னிக்கு எல்லா விரலுக்கும் விதி போல."

"அதை இங்க கொடு."

அவள் புத்தகத்தை மூடி, ஓரத்தைக் கண்ணருகே பிடித்தாள். மொத்தப் பக்கங்களும் ஒரே வெட்டில், ஸ்கேல் வைத்ததுபோல நேராக வெட்டப்பட்டிருந்தன. அவள் மெதுவாக டின்னைத் திரும்பிப் பார்த்தாள். பினுவும் பார்த்தான். இந்தத் தடவை அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"பிரஸ்ஸுல இருக்கிற கட்டிங் மெஷின்" என்றான். "நேத்துப் பூஜை போட்டு, பிளேடு பூராவும் குங்குமம் அப்பியிருப்பாங்க. இங்குள்ளவங்க ஒரு பூவை வெச்சுக் கும்பிடுவாங்க, அவ்வளவுதான். இப்படி அப்புறது நம்ம பாண்டிக்காரங்க, தமிழ்நாட்டு ஆளுங்க."

ஆவுடையம்மாள் பின்னட்டையைத் திருப்பினாள். அச்சிட்டோர், சரோஜினி பிரஸ், பஜார் ரோடு.

"உங்க புஸ்தகமும் அங்கதானே மாமி? மெஷின் யாரு ஓட்டுறது?"

மாமியின் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போனதோ தெரியவில்லை. "இசக்கிராஜா" என்றாள். "ஒவ்வொரு பாகத்தையும் வெட்டி முடிச்ச உடனே முதல் பிரதியை அவன்தான் கொண்டுவந்து கொடுப்பான். அவர் காலில் விழுவான். இடது கையை எடுத்துக் கண்ணுல ஒத்திப்பான்."

ஆவுடையம்மாள் ஸ்டேஷனுக்கு ஃபோன் செய்தாள். பாதிப் பேர் கோவில்களில் கூட்டம் ஒதுக்கப் போயிருக்கிறார்கள், ஜீப் வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள். அவள் ரிசீவரை வைத்த வைப்பில் மணி ஒரு தடவை அடித்து ஓய்ந்தது. பினு ஆட்டோவை எடுத்தான். மாமி கேட்காமலேயே ஏறி உட்கார்ந்தாள். மடியில் அந்தக் காகிதக் கட்டு.

"நீங்க வேண்டாம் மாமி."

"என் ஆத்துக்காரர், ஆவுடை" என்றாள் மாமி.

பிரஸ்ஸின் முன் ஷட்டர் பூட்டியிருந்தது. முதலாளி பூஜை லீவுக்குத் திருச்சூர் போயிருந்தார். இஞ்சி காயப்போட்டிருந்த முடுக்கு வழியாக அவர்கள் பின்பக்கம் போனார்கள். பின்கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. உள்ளே மை வாடை. அதோடு இன்னொரு வாடை.

"பூஜைக்குப் பூசணிக்கா உடைச்சிருக்கான்" என்று பினு கிசுகிசுத்தான். "தரையெல்லாம் செவப்பு."

அது பூசணிக்காய் இல்லை. காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் வாட்ச்மேன் ராஜப்பன் கிடந்தான். சாயா வாங்கப் போகும் ஃபிளாஸ்க் இன்னும் கையில் இருந்தது. தலையின் பின்பக்கம் உள்ளே போயிருந்தது. பினுவுக்கு அவனைத் தெரியும், ஒரே வார்டு. பினு அதற்குப் பிறகு ஜோக் சொல்லவில்லை.

அவன் குனிந்த நேரத்தில் கட்டுகளுக்கு நடுவிலிருந்து ஒரு மரச்சுத்தியல் வந்தது. தலைக்கு வந்தது தோளில் இறங்கியது. எலும்பு முறியும் சத்தம் மாமிக்குக்கூடக் கேட்டது. பினு ராஜப்பனின் மேலேயே விழுந்தான். ஆவுடையம்மாள் பாய்வதற்குள் சுத்தியல்காரன் சுத்தியலை வீசியெறிந்துவிட்டு மெஷினுக்கு ஓடி அதன் நீளக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டான்.

"ஒரு அடி எடுத்து வெச்சீங்கன்னா இழுத்துருவேன்!"

ஆவுடையம்மாள் நின்றுவிட்டாள். நிற்காமல் வேறு வழியில்லை. கட்டிங் மெஷினின் மேடையில், காகிதம் வைக்கும் இடத்தில், வெங்கிடராமனின் வலது கை இருந்தது. மணிக்கட்டுக்கு நேர் மேலே ஒரு ஆள் நீளத்துக்குப் பிளேடு தொங்கியது. அதன் முழு நீளத்துக்கும் சந்தனம், குங்குமம். ஓரிடத்தில் மட்டும் அது கலைந்து கறுத்துப்போயிருந்தது. மனிதர் ஸ்டூலோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தார். இடது கை முழுக்க மெஷின் துடைக்கிற கந்தல். உதடு கிழிந்து, முன்பல் இரண்டு சட்டைமேல் கிடந்தன.

இசக்கிராஜா அழுதுகொண்டிருந்தான். அழுகிறவன் கையில் ஆயுதம் இருந்தால் கோபக்காரனைவிட ஆபத்து என்பது ஆவுடையம்மாளுக்குப் பழைய பாடம்.

"ஏட்டம்மா, எனக்கு வெட்டணும்னு ஆசையா? பூஜை போட்ட மெஷின். முதல் வெட்டு எலுமிச்சம்பழமா இருந்திருக்கணும். ஊழிமாறனைக் கொல்லாதீங்க ஐயான்னு காலைப் பிடிச்சுக் கெஞ்சினேன். வாயே தொறக்கல. அப்பொறந்தான் இடது கை விரலை எடுத்தேன். எழுதுத கை போச்சு, இனிமே பயமில்லைன்னு நெனைச்சேன். ஊழிமாறனைச் சாகவிடமாட்டேன்னு சத்தியம் எழுதித் தாங்கன்னு பேனாவைக் கொடுத்தேன். வலது கை, கோழி கிண்டினாப்பல வரும்னு பாத்தா, முத்து முத்தா எழுதுதாரு! ரெண்டு கையாலயும் எழுதுவாரு ஏட்டம்மா! ஏமாத்திட்டாரு!"

"ராஜப்பன் என்ன பண்ணினான்?"

"சத்தம் கேட்டு உள்ள வந்துட்டான்" என்றான் இசக்கிராஜா, அவ்வளவுதான் என்பதுபோல. "கட்டைக் கீழே வைங்க. இந்தக் கையும் போகணும். அப்பொறம் எல்லாரும் போங்க."

அவன் கைப்பிடியில் உடம்பைச் சாய்த்தான். பிளேடு ஒரு அங்குலம் இறங்கியது. வெங்கிடராமன் கண்ணை மூடிக்கொண்டார்.

"அவர் கையை வெட்டி ஒரு பிரயோஜனமும் இல்லை" என்றாள் மாமி. "அவர் எழுதலை. நான் எழுதறேன்."

"லக்ஷ்மி! வாயை மூடு!"

வெங்கிடராமன் போட்ட சத்தம் அது. விரல் போகும்போதும் பல் போகும்போதும் அந்த ஒரு விஷயத்தை மட்டும் அவர் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. சொல்லியிருந்தால் அவர் தப்பியிருப்பார், இவன் நேராக வீட்டுக்குப் போயிருப்பான். வாழ்க்கையில் ஆவுடையம்மாள் இப்படிப்பட்ட ஆண்பிள்ளைகளை அதிகம் பார்த்ததில்லை.

இசக்கிராஜா சிரித்தான். "புருஷனைக் காப்பாத்தப் புளுகுதீங்க."

"புளுகு இல்ல" என்றாள் ஆவுடையம்மாள். "நீ தொகுத்த தகவல்தானே? சாயாவில உப்புப் போட்டுக் குடிக்கிறது இவங்க. பினு இன்னிக்குத் துப்பினான். படகு ஆகாதது இவங்களுக்கு. உன் ஏழ்கடலான் முப்பது வருஷம் படகுலதான் வேலைக்குப் போனார். இடது கைதானேன்னு விரலைப் பாத்து இவங்க நிம்மதிப்பட்டாங்க. கடிதம் போட்டுக் கேட்டே. இவங்க தன்னைப் பத்தி உண்மையைத்தான் எழுதினாங்க. கையெழுத்துப் போடுறப்போ மட்டும் அவர் இடது கையில பழகிக்கிட்டார்."

"பொம்மனாட்டி பேரைப் போட்டு வாளும் ரத்தமும் எழுதினா யார் வாங்குவான்னு அன்னிக்குப் பதிப்பாளர் கேட்டார்" என்றாள் மாமி. "அவர் தன் முகத்தைக் கொடுத்தார்."

"பொய்!" இசக்கிராஜா கத்தினான். "பொய்! பொய்!" கைப்பிடி இன்னும் இறங்கியது. பிளேடு தோலைத் தொட்டு, மணிக்கட்டின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு முளைத்தது.

மாமி காகிதக் கட்டைத் தரையில் போட்டாள். மூச்சை இழுத்துக்கொண்டாள். அடுத்து அவள் வாயிலிருந்து வந்தது வீட்டுப் பேச்சு இல்லை.

"ஊழிமாறன் கண் விழித்தபோது அவனுடைய இடது கை பலிக்கல்லோடு சேர்த்துப் பிணைக்கப்பட்டிருந்தது. எதிரே வாளோடு நின்றவன் பகைவன் அல்லன். ஒவ்வொரு வெற்றியின்போதும் அவன் காலில் முதலாவதாக விழுந்து வணங்கியவன்."

இசக்கிராஜாவின் வாய் பிளந்தது. ஆறு பாகத்தையும், அச்சான தாள்களை ஃபாரம் ஃபாரமாக வெட்டும்போதே படித்தவன். அந்த நடையை எங்கே கேட்டாலும் அவனுக்குத் தெரியும்.

"முதல் வீச்சில் கட்டைவிரல் போயிற்று. ஊழிமாறன் கத்தவில்லை. உப்புத் தரை ரத்தத்தைக் குடித்தது. அடுத்தது சுட்டுவிரல். எலும்பு நொறுங்கும் ஓசையை அவன் தன் காதாலேயே கேட்டான்."

"அம்மா, நிறுத்துங்க."

"நடுவிரல். மோதிர விரல். 'நண்பா' என்று அவன் கூப்பிட்டான். வெட்டுகிறவன் காதில் அது விழவில்லை."

"நிறுத்துங்கம்மா! அவன் பாவம்மா!"

"என் ராஜப்பனும் பாவம்தான்" என்று தரையிலிருந்து பினு முனகினான்.

"உன் கையில் என் ஆத்துக்காரர்" என்றாள் மாமி. குரல் உயரவே இல்லை. "என் கையில் உன் ராஜகுமாரன். நீ ஒரு அங்குலம் இறக்கினா நான் ஒரு அங்குலம் இறக்குவேன். இனிமே கழுத்துதான். சொல்லட்டுமா? வாள் கழுத்தைத் தொட்டது. முதலில் தோல் பிரிந்தது. பிறகு..."

"வேண்டாம்!"

இசக்கிராஜா இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டான்.

இரண்டு கைகளாலும்! ஆவுடையம்மாளுக்கு அது போதும். கீழே கிடந்த இரும்புக் கம்பியை எடுத்த வேகத்திலேயே அவன் முழங்காலில் இறக்கினாள். அவன் மடங்கிக்கொண்டே மறுபடியும் கைப்பிடிக்குத் தாவினான். பினு உடைந்த தோளோடு உருண்டு வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டு கடித்தான். தாவியவன் முகம் மெஷினின் இரும்புச் சக்கரத்தில் மோதி மூக்கு அப்பளமானது. அப்போதும் ஒரு கை கைப்பிடியைப் பிடித்துவிட்டது. ஆவுடையம்மாள் அந்த மணிக்கட்டில் கம்பியால் அடித்தாள். விடவில்லை. மறுபடியும் அடித்தாள். எலும்பு விட்டது, கை தொங்கியது. அவன் இழுத்துப்போட்ட இழுப்பில் பிளேடு 'தடக்'கென்று மேடையில் இறங்கியது.

மாமி அதற்கு முன்பே புருஷனின் கையை வெளியே இழுத்திருந்தாள். பிளேடு வெட்டியது அவர் சட்டைக் கையின் ஓரத்தை மட்டுமே. ஸ்கேல் வைத்ததுபோல நேராக.

ஜீப் வந்து சேர்ந்தது. ராஜப்பனின் மேல் யாரோ ஒரு அட்டைக் காகிதத்தைப் போர்த்தினார்கள். பினு அதன் பக்கத்தில் தோளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கச் சொன்னதற்கு, "அவன் வீட்டுல யார் சொல்றது, ஏட்டம்மா?" என்று மட்டும் கேட்டான்.

விலங்கு மாட்டி இழுத்துக்கொண்டு போகும்போது இசக்கிராஜா வாசலில் காலை ஊன்றி நின்றுகொண்டான். முகமெல்லாம் ரத்தம். கண் மட்டும் மாமியைத் தேடியது. அவள் தரையில் உட்கார்ந்து, வெங்கிடராமனின் கந்தல் சுற்றிய கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா" என்றான். "இப்ப சொன்னது சும்மாதானே? ஏழாம் பாகத்துல நெசமாவே அவன் சாவானா?"

மாமி தரையில் கிடந்த கட்டைப் பார்த்தாள்.

"இல்லை" என்றாள். "செத்துப்போறான்கிறது விளம்பரத்துக்காகப் பதிப்பாளர் கிளப்பிவிட்ட கதை. நான் எழுதினதில் அவன் கப்பல் ஏறி ஊர் திரும்பறான். கல்யாணம் பண்ணிக்கறான்."

ரத்தத்துக்கு நடுவில் இசக்கிராஜாவின் முகம் மலர்ந்தது. குழந்தை மாதிரிச் சிரித்தான். "தெரியும்மா. நீங்க கொல்ல மாட்டீங்கன்னு தெரியும்."

மாமி கட்டை எடுத்து, கடைசி அத்தியாயத்தை உருவி, இடது கையால் கிழித்தாள். பிறகு ஆவுடையம்மாளைப் பார்த்து, "ராஜப்பன் ஆத்துக்கு நானும் வரேன்" என்றாள். "திரும்பி வந்து ஊழிமாறனைக் கொல்றேன்."

ஜீப் பஜார் ரோடு முனையில் திரும்பும் வரைக்கும் இசக்கிராஜாவின் அலறல் கேட்டது.